பாதம் இல்லாத காலுறை

சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்
கொல்லம் 1111, சித்திரை 6

மகள் பகவதியம்மாளுக்கு அப்பா கோமதிநாயகத்தின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அண்ணன் திரவியமும் மதினி மங்கலமும் பிள்ளைகளும் சுகம். வித்துராவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அறிய ஆசை.

இந்தக் கையெழுத்து கணக்கப்பிள்ளையுடையது இல்லை. திரவியத்துடையதும் இல்லை. நானே எழுதுகிறேன். மார்கழியில் தொடங்கினேன். உன் மதினி முறத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதிக் காட்டினாள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறார்கள். தமிழ் எழுத்தில் அவர்களும் நானும் ஒரே வகுப்பு. நான்தான் முதல். சாலையில் இருக்கிற தமிழ்ப் பலகைகளை எல்லாம் வாசித்து முடித்தேன். எதிர்க்கடையில் இத்தனை வருஷமாகத் தொங்கும் பலகையில் 'கடன் கேட்காதீர்கள்' என்று எழுதியிருப்பது போன மாதம்தான் தெரிந்தது. அவரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவரும் கொடுத்திருக்கிறார்.

இனி காரியம். உன் வீட்டுக்காரர் இறந்து வருஷம் திரும்பிவிட்டது. அவருடைய தையற்கடையில் நீ தனியாக இருந்து என்ன செய்வாய் என்று திரவியம் கேட்கிறான். ஒரு பெண்பிள்ளையிடம் சட்டைக்கு அளவு கொடுக்க எந்த ஆண்பிள்ளை வருவான் என்கிறான். கிழக்கே கோட்டையில் ஒரு தையற்காரர் உன் மிஷினை விலைக்குக் கேட்கிறாராம். அதை விற்றுவிட்டு நீ இங்கே வந்து மதினிக்கு அடுக்களையில் ஒத்தாசையாக இருக்கலாம் என்பது அவன் எண்ணம். மிஷின் வாங்கியதில் பாதி அவன் கொடுத்தது. அதனால் அவன் பேச்சைத் தள்ள முடியவில்லை. ஆவணி முடியும்வரை பொறு என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் தொழில் நிற்காவிட்டால் வண்டியோடு வந்து மிஷினையும் உன்னையும் அழைத்துக்கொண்டு போவேன் என்கிறான்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. எழுத்தைப் பெரிதாகப் போடு. காலையில் எழுத உட்கார்ந்தேன், இப்போது மங்கலம் சாப்பிடக் கூப்பிடுகிறாள். பகவான் துணை.

அப்பா


வித்துரா
சித்திரை 19

அப்பா அவர்களுக்கு பகவதியின் நமஸ்காரம். நான் சுகம். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

வண்டிக்கார யோசுவா அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தார். மேல்விலாசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆரு எழுதினது? குருவி நடந்த மாதிரி இருக்கு?" என்றார். "எங்க அப்பாவாக்கும்" என்றேன். உடனே தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

இதுவரை அண்ணன் வாசித்துச் சொல்லும் கடிதமாக எழுதினேன். இனி உங்களுக்கே எழுதலாம். அதனால் நேராகச் சொல்கிறேன். நான் அங்கே வரவில்லை. மிஷினையும் விற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு, போனக்காடு என்ற தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள். எல்லாம் நம் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். மழைக்காலத்தில் அவர்கள் கால்களைப் பார்க்க வேண்டும். முழங்கால்வரை அட்டை கடித்த புண். ரத்தம் வழிய வழியக் கருவாடு வாங்குகிறார்கள். தோட்டத்துத் துரை மட்டும் நீளமான காலுறை மாட்டிக்கொண்டு நடக்கிறாராம். அதே மாதிரி காடாத்துணியில் தைத்துப் புகையிலைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டால் என்ன என்று தோன்றியது. ஒரு ஜோடி தைத்து மாட்டிக்கொண்டு, கோடைமழை பெய்த மறுநாள் ஆற்றங்கரைப் புதரில் நடந்தேன். ஓர் அட்டை கால்வரை வந்து தலையைத் தூக்கியது, அப்படியே திரும்பிப் போய்விட்டது.

கடையில் புகையிலைக் காம்பையும் தூளையும் கூட்டித் தள்ளுகிறீர்களே, அதை எனக்கு அனுப்ப முடியுமா?

உங்கள் மகள்
பகவதி


திருவனந்தபுரம்
வைகாசி 4

மகள் பகவதிக்கு ஆசீர்வாதம். அனைவரும் சுகம். எனக்குக் கொஞ்சம் இருமல் இருந்தது, போய்விட்டது.

உன் கடிதத்தை முதலில் எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிறகு அர்த்தத்துக்காக வாசித்தேன். பிறகு சும்மா வாசித்தேன்.

யோசுவா வண்டியில் ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறேன். கடையில் எல்லாவற்றையும் இப்போது திரவியமே பார்த்துக்கொள்கிறான். நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், வருகிறவர்கள் என்னைக் கும்பிட்டுவிட்டு அவனிடம் போகிறார்கள். அதனால் காம்பு பொறுக்க எனக்கு நேரம் உண்டு. மூட்டை கட்டும்போது அவன் பார்த்துவிட்டான்.

"குப்பைய எங்க அனுப்புதிய?"

"மருந்துக்கு."

"ஆருக்கு மருந்து?"

"அட்டைக்கு."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்திருப்பான்.

நான் இந்தத் தெருவில் முதலில் கோயம்புத்தூர் இலையைக் கொண்டுவந்தபோது யாரும் தொடவில்லை. பழகின இலைதான் வேண்டும் என்றார்கள். எங்கள் சரக்கு ஒசத்தி என்று தொண்டை வற்றக் கத்தினேன். பிறகு கத்துவதை விட்டுவிட்டு, வருகிறவர் வாயில் எந்த இலை அடங்கியிருக்கிறது, ஏன் அதை விடமாட்டேன் என்கிறார் என்று கேட்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்துதான் விற்றது. உனக்கு இது உதவுமா தெரியாது. எழுதத் தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன்.

அப்பா


வித்துரா
ஆனி 3

அப்பாவுக்கு நமஸ்காரம். நான் சுகம். இருமலுக்குச் சுக்குக் கஷாயம் சாப்பிடவும்.

மூட்டை கிடைத்தது. பெட்டி நிறையக் காலுறை தைத்து ஊறவைத்துக் காயவைத்தேன். மழையும் தொடங்கிவிட்டது. ஆனால் யாரும் போடவில்லை. கொழுந்து பறிக்கிற முத்தாரம்மாள் என்பவள் ஒரு ஜோடி வாங்கினாள். அடுத்த சந்தைக்கு வந்தபோது அவள் காலில் புதுப் புண் இருந்தது.

"போட்டுக்கலியா?" என்றேன்.

"வீட்டுக்குள்ள போட்டுக்கிடுதேன் தாயீ. கதகதன்னு நல்லாத்தான் இருக்கு."

"வீட்டுக்குள்ள அட்டை உண்டா?"

"இல்ல."

"பிறகு?"

அவள் சிரித்தாள். அவர்களை வேலை வாங்குகிற கங்காணி ராஜையன்தான் சொன்னார்: "தொரை முன்னால காலப் பொத்திக்கிட்டு நிக்க இவளுவ என்ன தொரசானியா? நானே செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாக்கும் நிக்கேன்."

பெரிய வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவள்தானே நானும். துணியைப் பற்றி யோசித்தேன், அட்டையைப் பற்றி யோசித்தேன், அந்தக் கால் யார் முன்னால் நிற்கப்போகிறது என்பதை மறந்துவிட்டேன். நீங்கள் கோயம்புத்தூர் இலையைப் பற்றி எழுதியதை எடுத்து மறுபடி வாசித்தேன்.

முத்தாரம்மாளை உட்காரவைத்துக் கேட்டேன். பாதத்தில் ஏறுகிற அட்டை கண்ணில் படுமாம், தட்டிவிடலாமாம். மேலே ஏறிச் சேலைக்குள் ஒளிந்துகொள்வதுதான் தொல்லையாம். அப்படியானால் பாதம் எதற்கு? நேற்று முழுவதும் உட்கார்ந்து எல்லாக் காலுறைகளிலும் பாதத்தை வெட்டி எடுத்துவிட்டேன். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை மட்டும், மேலேயும் கீழேயும் நாடா. இப்போது பார்த்தால் காயத்துக்குக் கட்டுப் போட்டது மாதிரி இருக்கிறது. யாரும் மரியாதைக் குறைவு என்று சொல்ல முடியாது.

வெட்டிய பாதங்கள் ஒரு கூடை இருக்கின்றன. நன்றாகத் துவைத்து மதினிக்கு அனுப்புகிறேன். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க ஆகும்.

பகவதி


திருவனந்தபுரம்
ஆனி 12

மகள் பகவதிக்கு ஆசீர்வாதம். சுகம்.

கூடை வந்தது. மங்கலம் கையில் ஒரு பாதத்தை மாட்டிக்கொண்டு சோற்றுப் பானை இறக்கினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரவியம், "ஒரு முழுப் பெட்டிச் சரக்கையும் வெட்டிப் போட்டாளா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "கிறுக்கு" என்றான். நான் உள்ளே போய்ச் சிரித்தேன். வெட்டத் துணிந்தவள் தொழிலை விடமாட்டாள்.

இந்தத் தடவை காம்பு மட்டும் இல்லை. என் பங்குக்கு எடுத்துவைத்திருந்த யாழ்ப்பாணத்து இலையும் இருக்கிறது. நாக்கில் வைத்தால் காது சூடாகும். அட்டை அல்ல, பாம்பும் ஓடிவிடும். தாராளமாக ஊறப்போடு.

அப்பா


வித்துரா
ஆடி 2

அப்பாவுக்கு நமஸ்காரம்.

யாழ்ப்பாணத்து இலைத் தண்ணீரில் மறுபடி ஊறவைத்த காலுறை எல்லாம் விற்றது. மறு வாரமே முத்தாரம்மாள் கொழுந்து பறிக்கிற இடத்தில் தலைசுற்றி விழுந்துவிட்டாள். வாந்தி. இன்னும் சிலருக்கும் அப்படியே. மழையில் நனைந்து புகையிலைச் சாறு தோலுக்குள் இறங்கியிருக்கிறது. கங்காணி எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொல்லிச் சாக்கில் கட்டி என் வாசலில் கொட்டிவிட்டுப் போனார். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முத்தாரம்மாள் இப்போது தேவலை. அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். மழை விடவில்லை. வேறு செய்தி இல்லை.

பகவதி


திருவனந்தபுரம்
ஆடி 9

மகள் பகவதிக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம்.

அது என் இலை செய்த வேலை. அதனால் நானே பார்த்துவிடுவது என்று உன் மாதிரியில் ஒன்றை மங்கலத்தைக் கையால் தைக்கச் சொன்னேன். யாழ்ப்பாணத்து இலைத் தண்ணீரில் முக்கி ஈரத்தோடு காலில் கட்டிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடைப் பலகை இரண்டாகத் தெரிந்தது. கடன் கேட்காதீர்கள், கடன் கேட்காதீர்கள். மங்கலம் மோர் கொண்டுவந்தாள். "மாமா, இந்த வயசுல உங்களுக்கு இது எதுக்காக்கும்?" என்றாள். நல்ல கேள்வி. ஆனால் மறுநாளும் கட்டினேன், காரம் குறைந்த இளம் இலைக் காம்புத் தண்ணீரில் முக்கி. தலை சுற்றவில்லை, காலில் அரிப்பு. அதற்கு மறுநாள் காலில் முதலில் வெறும் துணியைச் சுற்றி, அதன்மேல் இதைக் கட்டினேன். கடை சாத்தும்வரை ஒன்றும் இல்லை. ஆனால் மழையில் உள்துணியும் நனைந்துவிடுமே. அதற்கு எனக்கு வழி தெரியவில்லை. நீ யோசி.

இளம் காம்பு ஒரு மூட்டை அனுப்புகிறேன். உள்ளே ஒரு சிறு பொட்டலம் தனியாக இருக்கும். அது அட்டைக்கு இல்லை. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கினேன். காய்ச்சல் மாத்திரை, கசக்கும். காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்று. மழைக்காலத்தில் வீட்டில் இருப்பது நல்லது என்று வாங்கினேன், வேறு ஒன்றும் இல்லை.

அப்பா


திருவனந்தபுரம்
ஆடி 30

மகள் பகவதிக்கு ஆசீர்வாதம்.

பதில் வரவில்லை. மலைப் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது என்று யோசுவா சொன்னார். மூட்டையை உன் வீட்டில் வேறொரு பெண்பிள்ளைதான் வாங்கிக்கொண்டாளாம். நான் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

திரவியம் வண்டிக்குச் சொல்லிவிட்டான். ஆவணிக் கடைசியில் வருவான். தையற்காரர் அவசரப்படுத்துகிறாராம். இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். "நீங்க சொன்ன கெடுதான்" என்றான். அதுவும் உண்மை.

ஒரு வரி எழுது. இரண்டு எழுத்து என்றாலும் போதும்.

அப்பா


வித்துரா
கொல்லம் 1112, ஆவணி 15

அப்பாவுக்கு நமஸ்காரம். நான் சுகம். இப்போது உண்மையாகவே சுகம்.

தாமதத்துக்கு மழையைக் குறை சொல்லிவிடலாம். பொட்டலத்தில் இருந்ததும் தீர்ந்துவிட்டது. கசப்பு.

முத்தாரம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்து ஒரு வாரம் என்னோடு இருந்தாள். என் சரக்கால் விழுந்தவள் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "உள்துணி நனையக்கூடாது, அம்புட்டுத்தானே? காட்டுல தேன் எடுக்கிற காணிக்காரங்க சந்தையில தேன்மெழுகு விக்காங்கள்லா" என்றாள்.

வாங்கினோம். உள்துணியில் மெழுகை உருக்கித் தேய்த்தோம். வெளித்துணிக்கு மட்டும் இளம் காம்புத் தண்ணீர். இரண்டையும் சேர்த்துத் தைத்தேன். இந்தத் தடவை யாருக்கும் விற்கவில்லை. நானே கட்டிக்கொண்டு போனக்காட்டுக்கு ஏறினேன். அவளும் கட்டிக்கொண்டாள்.

கங்காணி வழியை மறித்தார். "இன்னும் ஒரு ஆள விழவைக்கவா வந்தே?"

"விழுந்தா நானாக்கும் விழுவேன்."

"விழுந்தா ஆரு தூக்குறது?"

"நீங்க தூக்காண்டாம். உருட்டி விட்டாப் போதும், வித்துராவுக்குப் போய்ச் சேந்திருவேன்."

அவர் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு விலகினார். அன்று முழுவதும் கொட்டுகிற மழையில் பறிக்கிற வரிசையில் முத்தாரம்மாளோடு நடந்தேன். எனக்குப் பறிக்கத் தெரியாது. கூடையைச் சுமந்தேன். சாயங்காலம் எல்லாப் பெண்களும் சுற்றி நின்றார்கள். இருவரும் நாடாவை அவிழ்த்துக் காலைக் காட்டினோம். காலில் ஒரு கடி இல்லை, தலையும் சுற்றவில்லை. கங்காணி குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த சந்தைக்கு எல்லாரும் வந்தார்கள். தைத்து வைத்தது போதவில்லை. பெண்கள் எல்லாம் போனபிறகு கங்காணி தனியாக வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பாதத்தோட ஒரு ஜோடி கிடைக்குமா? தொரை வராத பக்கமும் உண்டுல்லா." தைத்துக் கொடுத்தேன்.

அண்ணன் வண்டியோடு வரட்டும். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. காம்பைத் தரம் பிரித்து ஊறவைக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும். இலையின் காரம் கையால் தெரிந்தவராக இருக்க வேண்டும். சம்பளம் கொடுப்பேன். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று அண்ணனிடம் விசாரிக்கச் சொல்லவும்.

பகவதி


திருவனந்தபுரம்
புரட்டாசி 4

மகள் பகவதிக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சுகம்.

திரவியம் திரும்பி வந்துவிட்டான். வண்டியில் மிஷின் இல்லை. ஒரு கூடைத் தேன்மெழுகு இருந்தது, சாலையில் விலை போகுமா என்று பார்க்க வாங்கினானாம். மங்கலம் சோறு போட்டுக்கொண்டே, "போன காரியம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவன் சொன்னான்.

உன் கடை வாசலில் நுழையப் போனவனை ஒரு பெண்பிள்ளை, "அண்ணாச்சி, கடைசியில போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டாளாம். நான் இவளுக்கு அண்ணன் என்றானாம். "நாங்க எல்லாரும் தங்கச்சிதான், நில்லுங்க" என்றாளாம். நின்றானாம். உள்ளே போனபோது நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கத்திரியைக் கையில் கொடுத்து, நாடா வெட்டச் சொன்னாயாம். சாயங்காலம்வரை வெட்டினேன் என்று விரலைக் காட்டினான். கொப்புளம் இருந்தது. பிறகு ஒன்று சொன்னான். "இனிமே காம்பக் குப்பைன்னு சும்மா அனுப்பப்படாது. அவளுக்கு ஒரு விலை போடணும்." அவன் வாயிலிருந்து உனக்கு இதைவிடப் பெரிய மரியாதை வராது. தையற்காரருக்கு ஆள் அனுப்பி இல்லை என்று சொல்லிவிட்டான்.

இப்போது ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். உன் ஆடி மாதத்துக் கடிதத்தில் எழுத்துகள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. மற்றவர்கள் கடிதத்தை மளமளவென்று வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கிறவன். நீ காய்ச்சலில் படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய் என்று தெரிந்தது. நன்றாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கேட்டால் திரவியம் மறுநாளே வண்டி கட்டியிருப்பான். அதனால் நான் கேட்கவில்லை. ஆவணிக் கடிதத்தில் எழுத்துகள் நிமிர்ந்து நின்றன. அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆள் விஷயமாகத் திரவியத்திடம் நான் விசாரிக்கவில்லை. கீழே எழுதியிருப்பது தனி. ஒரு முதலாளிக்கு எழுதுவதாக வைத்துக்கொள்.

வித்துராவில் காலுறைத் தொழில் நடத்தும் பகவதியம்மாள் அவர்கள் சமூகத்துக்கு, சாலைக் கடைத்தெரு கோமதிநாயகம் எழுதிக்கொண்ட விண்ணப்பம். தங்களிடம் புகையிலைக் காம்பு ஊறவைக்க ஆள் வேண்டும் என்று அறிந்தேன். எனக்கு இலையைத் தொட்டால் காரம் தெரியும். முகர்ந்தால் ஊர் தெரியும். வயது அறுபத்தெட்டு இருக்கலாம், சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இல்லை. இப்போது வேலை இல்லாமல் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய சம்பளம் எதிர்பார்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
ஆ. கோமதிநாயகம்


வித்துரா
புரட்டாசி 11

ஆ. கோமதிநாயகம் அவர்களுக்கு வணக்கம். நான் சுகம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விண்ணப்பம் கிடைத்தது. முத்தாரம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். தோட்ட வேலையை விட்டுவிட்டு இப்போது என்னோடுதான் இருக்கிறாள், அவளையும் கேட்காமல் ஆள் எடுப்பதில்லை. "காலில கட்டிக்கிட்டு மயங்கினாரே, அந்த அப்பாவா? வரச் சொல்லு" என்றாள்.

வேலை உண்டு. வேலைக்கு வருகிறவர் கவனிக்க வேண்டியவை: சரக்கைத் தம் காலில் கட்டிப் பார்க்கக்கூடாது. மழைநாளில் வெளியே நிற்கக்கூடாது. கசப்பு மாத்திரை இங்கே எல்லாருக்கும் உண்டு, அவருக்கும் உண்டு. திரவியம் அண்ணன் காம்புக்குப் போடும் விலையில் அவர்தான் எனக்காகப் பேரம் பேசவேண்டும்.

யோசுவா அண்ணன் வெள்ளிக்கிழமை வண்டி கொண்டுவருகிறார். முன்பக்கம் உட்கார இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நெடுமங்காட்டிலிருந்து இங்கே வரும்வரை வழியில் பலகைகள் உண்டு. எல்லாம் மலையாளத்தில் இருக்கும். என் கடைப் பலகை மட்டும் தமிழிலும் இருக்கும். அதை நீங்கள் வாசித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சம்பளம் மாதக் கடைசியில். கைநாட்டு வைத்தால் கொடுக்கமாட்டேன். முழுப்பெயரும் எழுத வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திருப்பேன்.

பகவதியம்மாள்